பத்திரம் சொல்வதும் பக்கத்து வீடு சொல்வதும்



'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. இன்று நடுத்தரக் குடும்பங்களில் பலர் வீட்டைக் கட்டுவதில்லை. யாரோ கட்டிய வீட்டை வாங்குகிறார்கள். ஆனால் அந்தப் பழமொழி சொல்லும் பாடு மட்டும் குறைந்துவிடவில்லை. இதுவரை சேர்த்த சேமிப்பும், இனி இருபது ஆண்டுகள் வரப்போகும் சம்பளத்தின் பெரும்பகுதியும், சார்பதிவாளர் அலுவலகத்தில் போடும் சில கையெழுத்துகளில் அடங்கிவிடுகின்றன. தவறாக வாங்கிய புடவையை மாற்றிக்கொள்ளலாம். தவறாக வாங்கிய வீட்டை மாற்றிக்கொள்வது எளிதல்ல.

வீடு வாங்குபவர் இரண்டு சாட்சிகளைக் கேட்க வேண்டும். ஒன்று பத்திரம். மற்றொன்று பக்கத்து வீடு. பத்திரத்துக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்குத் தெரிந்ததைப் பத்திரம் சொல்லாது. இதில் மற்றொரு உண்மையும் உண்டு. பத்திரத்தை நாம் மட்டுமே படிக்கிறோம். பக்கத்து வீடோ நம்மையும் படிக்கிறது. இதைத்தான் இன்று, சென்னைக்கு வடக்கே அத்திப்பட்டுப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு சிந்திக்க விரும்புகிறோம்.

எந்த அத்திப்பட்டு?

அத்திப்பட்டு என்றவுடன் சிலர் 2001-இல் வெளிவந்த 'சிட்டிசன்' திரைப்படத்தை நினைத்துக்கொள்வார்கள். அதில் வருவது அத்திப்பட்டி என்னும் கற்பனைக் கிராமம். வேறு சிலர் அம்பத்தூரை ஒட்டிய அத்திப்பட்டை நினைப்பார்கள். நாம் பேசுவது திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில், எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடையே உள்ள அத்திப்பட்டு. சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் மின்சார ரயிலில் எண்ணூரைத் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் என்று நிலையங்கள் வரும். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பதால், விளம்பரத்தில் ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. வட்டம், கிராமம், புல எண் மூன்றையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்பகுதி நெல்வயலும் உப்பங்கழியும் மீன்பிடிப்புமாக இருந்த மண். 1990-களில் வடசென்னை அனல் மின் நிலையம் வந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. 2014-இல் அது காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றது. பின்னர் 1,500 மெகாவாட் வல்லூர் அனல் மின் நிலையம் வந்தது. தெற்கே மணலித் தொழிற்சாலைகள், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். வேலை தேடி வந்தவர்கள் முதலில் வாடகைக்குக் குடியேறினார்கள். பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தபின், 'மாதாமாதம் கொடுக்கும் வாடகையைக் கடன் தவணையாகக் கட்டினால் வீடு சொந்தமாகுமே' என்று எண்ணத் தொடங்கினார்கள்.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். கணவர் மின்நிலைய ஒப்பந்தப் பணியில் இருக்கிறார். மனைவி மீஞ்சூரில் ஒரு பள்ளியில் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள், உடன் வயதான தாய். தெருவில் எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஒரு பழைய குடியிருப்பில், மூன்று அறைகள் கொண்ட வீடு விலைக்கு வருகிறது. அவர்கள் என்னென்ன செய்ய வேண்டும்?

பத்திரம் சொல்வது

முதலில் மூலப்பத்திரம். இந்த நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது வில்லங்கச் சான்று. குறைந்தது 30 ஆண்டுகளுக்காவது எடுத்துப் பார்ப்பது வழக்கம். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே இப்போது இதைப் பார்க்கலாம். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றையும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் சரிபார்க்கலாம். கிரயப் பத்திரத்தில் உள்ள புல எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லைகள் ஆகியவை பட்டாவோடு ஒத்துப்போகின்றனவா என்று உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். நாடாவைப் பிடித்து மனையை அளந்தும் பார்க்க வேண்டும். பத்திரத்தில் 1,200 சதுர அடி, தரையில் 1,120 என்று இருப்பது அரிதல்ல.

இரண்டாவது, மனைப்பிரிவுக்கு அனுமதி உண்டா என்பது. பல புறநகர்ப் பகுதிகளில் வயல்கள் அனுமதியின்றி மனைகளாகப் பிரித்து விற்கப்பட்டன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதன்பின் 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்குள் விற்றுப் பதிவான மனைகளுக்குக் கட்டணம் செலுத்தி வரன்முறை பெற அவை வழி செய்தன. நாம் வாங்கும் மனை அப்படி வரன்முறை பெற்றதா என்று ஆணையின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். 'அதெல்லாம் இங்கே யாரும் கேக்கிறதில்ல தம்பி' என்று இடைத்தரகர் சொன்னால் அங்கேயே நின்றுவிட வேண்டும். வங்கி கேட்கும்; நாளை நம்மிடமிருந்து வாங்குபவரும் கேட்பார். வீட்டின் கட்டட வரைபட அனுமதியும் அதுபோன்றதே. கீழ்த்தளத்துக்கு அனுமதி வாங்கி மாடியை அனுமதியின்றி எழுப்பியிருக்கலாம்.

மூன்றாவது, நிலத்தின் வகை. ஏரி, ஓடை, மேய்க்கால் போன்ற புறம்போக்கு நிலங்களுக்குப் பல ஆண்டுகளாக வீட்டு வரியும் மின்கட்டணமும் கட்டியிருந்தாலும் அவை உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. இந்த மண்ணோடு தொடர்புள்ள மற்றொரு வகை பஞ்சமி நிலம். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர், நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களின் அவல நிலை குறித்து 1891-இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் அவர்களுக்கு நிலம் வழங்க ஆணை பிறந்தது. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. முதல் பத்து ஆண்டுகள் இந்நிலத்தை யாருக்கும் விற்கக் கூடாது. அதன்பின் அதே மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. பொன்னேரிப் பகுதி அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல்தான். ஆகவே பழைய பதிவேட்டில் நிலம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது இங்கே வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. ஏழைக்கென்று ஒதுக்கிய நிலத்தில் நம் வீடு நிற்கக் கூடாது என்ற நேர்மையும் அதில் இருக்கிறது.

நான்காவது, வாரிசுகள். தந்தை இறந்தபின் மகன்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்பது நம் குடும்பங்களில் நீண்டகாலப் பழக்கம். சட்டம் அதை ஏற்பதில்லை. இந்துக் குடும்பங்களில், தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு 1956 முதலே பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-இல் சட்டமாக்கியது. நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியை மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகள் சமமாகப் பெறுகிறார்கள். 'அக்காவுக்குக் கல்யாணத்துல நகை போட்டாச்சு, அவங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல' என்று விற்பவர் சொன்னால், அந்த அக்காவின் கையெழுத்து இல்லாமல் வாங்கக் கூடாது. அது நம் பாதுகாப்புக்கு மட்டுமல்ல. அவருக்குச் சேர வேண்டிய பங்கை நாம் தட்டிப்பறித்தவர்கள் ஆகாமல் இருப்பதற்கும்தான்.

ஐந்தாவது, செலவுக் கணக்கு. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2023-இல் 4 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 20 லட்சம் ரூபாய் மதிப்புக்கு இவை இரண்டும் சேர்ந்து 1,80,000 ரூபாய். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வங்கி அதிக அளவாக வீட்டின் மதிப்பில் 90 விழுக்காடு தரலாம். மீதியும் பதிவுச் செலவும் நம் கையிலிருந்து வரவேண்டும். 20 லட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 18,000 ரூபாய். மொத்தம் கட்டுவது 43 லட்சத்துக்குச் சற்று அதிகம். ஒப்பந்த வேலை இடையில் நின்றால் ஆறு மாதத் தவணைக்குக் கையில் பணம் இருக்குமா என்று கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

இவற்றையெல்லாம் அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துரை பெறுவது நல்லது. அதற்காகும் செலவு, ஒரு மாதத் தவணையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

பத்திரம் சொல்லாதது

இத்தனை தாள்களும் சரியாக இருந்தும் வீடு சரியாக இல்லாமல் போகலாம். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத கிரய ஒப்பந்தம், அசல் பத்திரத்தை யாரிடமோ கொடுத்து வாங்கிய கைமாற்றுக் கடன், அண்ணன் தம்பிக்குள் நடக்கும் வழக்கு இவையெல்லாம் அதில் வராமல் இருக்கலாம். ஆனால் தெருவுக்குத் தெரிந்திருக்கும். 'அந்த வீடா? பெரியவர் போனதுல இருந்து அண்ணன் தம்பி பேசிக்கிறதே இல்லியே' என்று எதிர்வீட்டு அம்மா சொல்லும் ஒரு வார்த்தை, நம்மை மறுபடியும் வழக்கறிஞரிடம் அனுப்ப வேண்டிய வார்த்தை.

அத்திப்பட்டுப் பகுதியில் பக்கத்து வீட்டைக் கேட்டே அறிய வேண்டிய காரியங்கள் இன்னும் மூன்று உண்டு: தண்ணீர், வெள்ளம், சாம்பல்.

தண்ணீர்: கடலோர நிலத்தடியில் நன்னீரும் கடல்நீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. மழைநீர் இறங்கி நன்னீர் நிறைந்திருக்கும்வரை கடல்நீர் எட்டவே நிற்கும். நன்னீரை அளவுக்கு மீறி இறைத்துவிட்டால் அதன் அழுத்தம் குறையும். கடல்நீர் உள்ளே நகரும். சென்னை மாநகரின் தாகம் தீர்க்க மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்துப் பல ஆண்டுகள் நீர் எடுக்கப்பட்டது. பாசனத்துக்கும் இறைக்கப்பட்டது. அதனால் மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீரில் உப்பு ஏறியது. 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. அந்த நீரும் சென்னை மாநகருக்கே போகிறது.

எனவே வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் வருவதைக் காட்டினால் மட்டும் போதாது. ஒரு தெருவில் நல்ல தண்ணீர், அடுத்த தெருவில் உப்புத் தண்ணீர் என்பது கடலோர ஊர்களில் சாதாரணம். வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். சோப்பு நுரைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு புட்டியில் பிடித்து ஆய்வகத்தில் கொடுக்கலாம். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எல்லாவற்றுக்கும் மேலாக, 'மே மாசத்துல தண்ணி எப்படிம்மா இருக்கும்? குடிக்கிறதுக்கு எங்க பிடிக்கிறீங்க?' என்று பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். கேன் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்பதும் வீட்டு விலையின் ஒரு பகுதிதான்.

வெள்ளம்: கொசஸ்தலை ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. பெருமழை நாளில் மேலே ஏரிகள் நிரம்பி உபரிநீர் வரும். கீழே கடல் அலை உயர்ந்திருந்தால் நீர் வடியாமல் நிற்கும். 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையும் சுற்றுப்புறமும் பட்டதை நாம் மறக்கவில்லை. மிக்ஜாம் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் கலந்து, மீனவர்களின் படகையும் வலையையும் பிழைப்பையும் கெடுத்தது. நாம் பார்க்கும் வீட்டுக்குப் புதுச்சுண்ணாம்பு அடித்திருந்தால் வெள்ளத்தின் கறை தெரியாது. பக்கத்து வீட்டுச் சுவரில் தெரியும். 'மிக்ஜாம்ல தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?' என்று கேளுங்கள். கையாலேயே அளவு காட்டுவார்கள்.

சாம்பல்: நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம், எரித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். செப்பாக்கம் கிராமத்தார் அப்படிப்பட்ட குளத்தை ஒட்டியே வாழ்ந்தவர்கள். குளத்தின் மேற்பரப்பு கோடையில் காய்ந்தால் காற்று அதைத் தூக்கிவரும். புகைபோக்கியும் சாம்பல் குளமும் நிலக்கரிக் கிடங்கும் வீட்டுக்கு எந்தத் திசையில் இருக்கின்றன, எந்த மாதங்களில் அங்கிருந்து காற்று வரும் என்பதை அங்கேயே பல ஆண்டுகள் துணி காயப்போட்டவர்கள்தான் சொல்ல முடியும். மொட்டை மாடியில் ஒரு வெள்ளைத் துணியை ஒரு நாள் விரித்து வைத்தாலும் தெரியும். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையோ முதியவரோ இருந்தால், விலை மலிவு என்பதற்காக இதைப் புறக்கணிக்க வேண்டாம்.

நாம் எண்ணிக்கொண்ட குடும்பம் ஆகவே அந்த வீட்டை மூன்று முறை பார்க்கட்டும். கோடையில் ஒரு நண்பகலில் தண்ணீருக்காக. மழை பெய்த ஓர் இரவில் வடிகாலுக்காக. ஒரு வேலைநாள் காலை 7 மணிக்கு, ரயிலுக்கும் பள்ளிக்கும் போகும் வழிக்காக. கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையைப் பிள்ளைகள் எங்கே கடப்பார்கள் என்று நடந்தே பார்க்கட்டும். பால்காரர், தேய்ப்புக் கடைக்காரர், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி ஆகியோரிடம் பேசட்டும்.

தெரு நம்மைக் கேட்கும் கேள்வி

இப்படிப் பேசும்போது அவர்களும் நம்மைக் கேட்பார்கள். 'எங்க வேலை? எத்தன பசங்க? சொந்த ஊரு எது?' நெருங்கி வாழும் தெருவில் இது இயல்பு. இந்த விசாரிப்புதான் நாளை நம் தாய் தனியே மயங்கி விழுந்தால் கதவைத் தட்டும். பள்ளி விட்டு வரும் பிள்ளையைப் பூட்டிய வாசலில் நிற்கவிடாமல் தங்கள் வீட்டுக்குள் அழைக்கும். வெள்ள நாளில் மாடி வீட்டுக்காரர் கீழ்வீட்டுக்காரரை மேலே ஏற்றிக்கொள்வதும் இந்தப் பழக்கத்தால்தான். நகரின் அடுக்குமாடிகளில் பலர் காசு கொடுத்தும் பெற முடியாத செல்வம் இது.

ஆனால் சில தெருக்களில் அந்தக் கேள்வி அங்கே நிற்பதில்லை. 'சொந்த ஊரு எது' என்பது 'அங்க எந்தத் தெரு' என்று நீளும். அதற்குப்பின், 'நீங்க என்ன ஆளுங்க' என்பது வாயால் கேட்கப்படாமலேயே கேட்கப்படும். பதிலைப் பொறுத்து வீடு திடீரென்று 'வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சாச்சு' ஆகிவிடும். நெருக்கம் என்பதற்கு நம் நாட்டில் இந்த இரண்டாவது முகமும் உண்டு. ஒரே சாதி, ஒரே மதம் என்பதால் உண்டான நெருக்கம், உள்ளே இருப்பவருக்கு மதிலாகவும் வெளியே நிற்பவருக்குத் தடையாகவும் இருக்கிறது. நம் கிறிஸ்தவத் தெருக்களும் இதற்கு விலக்கு என்று சொல்லிக்கொள்ள முடியாது. கல்லறையில்கூடப் பிரிவினைச் சுவர் கண்ட சமூகம் நாம்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் உதவும்? அமெரிக்காவில், வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று அண்டை வீட்டார் தங்களுக்குள் பத்திரம் எழுதிக்கொள்வது ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பம் அப்படிப்பட்ட தெருவில் வீடு வாங்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று 1948-இல் தீர்ப்பாயிற்று. நம் நாட்டில், அகமதாபாத்தில் பார்சிகளுக்கான ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் உறுப்பினர்களைப் பார்சிகளுக்கு மட்டும் வரையறுத்துக்கொள்வதை 2005-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. சங்கமாகக் கூடும் உரிமை என்பது அதன் நியாயம். ஆக, எழுதாத விதியோடு இயங்கும் ஒரு தெருவைச் சட்டத்தால் மட்டும் திறந்துவிட முடியாது.

தமிழ்நாடு வேறொரு வழியையும் முயன்று பார்த்தது. 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 தாழ்த்தப்பட்டோருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 ஏனையோருக்கு என்று, அடுத்தடுத்த வீடுகளில் கலந்து வாழும்படி ஒதுக்கினார்கள். அரசு சுவரையும் கூரையையும் கலந்து வைத்தது. அதற்குமேல், பக்கத்து வீட்டில் ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடிப்பதா வேண்டாமா என்பது அங்கே குடியேறியவர்களின் கையில் இருந்தது.

நம் தெருக்களிலும் அப்படித்தான். இந்தக் கதவைத் திறக்கக்கூடியவர்கள் மூவர். முதலாமவர் விற்பவர். 'நம்ம ஆளுக்கே குடுப்போம்' என்று நினைக்கும் அந்த நொடியில், நியாயமான விலையோடு வந்த மற்றொரு குடும்பத்தை முகம் பாராமல் திருப்பி அனுப்புகிறோமா என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். இரண்டாமவர் அண்டை வீட்டார். வீடு பார்க்க வந்தவரிடம் ஊரையும் தெருவையும் துருவாமல், தண்ணீரைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்வது அவர் செய்யக்கூடிய பெரிய உதவி. மூன்றாமவர் வாங்குபவர். 'அங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான்' என்று தரகர் சொல்வதை ஒரு சிறப்பாக எண்ணி அதிக விலை கொடுக்கும் ஒவ்வொரு முறையும், யாரோ ஒருவர் அந்தத் தெருவிலிருந்து விலக்கப்படுவதற்கு நாமும் பணம் கொடுக்கிறோம்.

குடிபோன பிறகு

பதிவு முடிந்தது, பட்டா பெயர் மாற்றமும் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். வீட்டுவரி, மின் இணைப்பு ஆகியவற்றின் பெயரையும் உடனே மாற்றிவிட வேண்டும். அதன்பின் வருவதுதான் நீண்ட காலம்.

புதிதாக வருபவர்கள் முதலில் செய்வது வீட்டின் தரைமட்டத்தை உயர்த்துவது. வெள்ளத்துக்கு அஞ்சிச் செய்வதுதான். ஆனால் நாம் மூன்றடி உயர்த்தி மண் கொட்டினால், நம் மனையில் நின்ற தண்ணீர் தாழ்ந்த பழைய வீட்டுக்குள் போகும். அந்த வீட்டில் இருப்பவர் உயர்த்த வசதியில்லாதவராக இருப்பார். உயர்த்துவதற்கு முன் அவரோடும் தெருவில் உள்ளவர்களோடும் பேசி, நீர் வெளியேறும் பாதையைச் சேர்ந்து அமைப்பது அயலாருக்கு நாம் செய்யும் முதல் நீதி. வீட்டு வாசலுக்குச் சரிவுப் பாதை போடும்போது மழைநீர்க் கால்வாயை அடைக்காமல் இருப்பதும் அவ்வாறே.

அடுத்தது ஆழ்குழாய்க் கிணறு. ஒருவர் 80 அடி, அடுத்தவர் 120 அடி, அதற்கடுத்தவர் 200 அடி என்று போட்டியிட்டு இறங்கினால், கடலோர ஊரில் எல்லாருக்கும் கடைசியில் மிஞ்சுவது உப்பு. மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அந்தக் குழிகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. மழைக்காலத்துக்கு முன் அவற்றைத் தூர் வாருவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. நம் மாடியில் விழும் மழை பக்கத்து வீட்டுக் கிணற்றையும் இனிப்பாக்கும்.

மூன்றாவது, வாடகைக்கு இருப்பவர்கள். மின்நிலையத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்யும் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் இளைஞர்கள் ஓர் அறையில் பலராகத் தங்கியிருப்பார்கள். நேற்று வாடகை வீட்டில் இருந்த நாம், சொந்த வீடு வந்த மறுநாளே 'வாடகைக்காரங்களால தெரு கெட்டுப்போச்சு' என்று பேசத் தொடங்கிவிடக் கூடாது. அவர்களும் நம்மைப்போல் வேலை தேடி வந்தவர்களே.

நம் குடும்பம் அந்த வீட்டை வாங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குடிபோகும் நாளுக்கு முன் ஒரு மாலை, அவர்கள் பக்கத்தில் நான்கு வீடுகளுக்குச் சென்று, 'அம்மா, நாங்க ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சுறோம், வந்துடுங்க' என்று அழைக்கட்டும். தெரு முனையில் வாடகைக்கு இருக்கும் பையன்களின் அறைக்கதவையும் தட்டட்டும். இனி அவர்களும் அந்தத் தெருவின் சாட்சிகள். சில ஆண்டுகளில் வேறொரு குடும்பம் எதிரே விலைக்கு வந்த வீட்டைப் பார்க்க வரும். தயங்கித் தயங்கி இவர்கள் வாசலில் நின்று, 'இங்க தண்ணி எப்படிங்க? ஆளுங்க எப்படி?' என்று கேட்கும். அப்போது நாம் என்ன சொல்வோம், அதற்குமுன் அவர்களை என்ன கேட்போம்? சிந்திப்போம்.